ஓய்வு இடைவெளிக்குப் பின் அனுப்பு வீதக் கட்டுப்பாடு

ஓய்வு இடைவெளிக்குப் பின் அனுப்பு வீதக் கட்டுப்பாடு என்பது, கணினி வலையமைப்பில் சற்று நேரம் தரவு எதையும் அனுப்பாமல் இருந்த ஓர் இணைப்பு மீண்டும் அனுப்பத் தொடங்கும்போது எவ்வளவு விரைவாக அனுப்பலாம் என்பதை வரையறுக்கும் நெறிகளின் தொகுதி ஆகும். இது நெரிசல் கட்டுப்பாட்டின் ஒரு பகுதி. டி.சி.பி. எனச் சுருக்கமாக வழங்கும் பரப்புகைக் கட்டுப்பாட்டு நெறிமுறையைச் சார்ந்தே இது பெரிதும் ஆராயப்பட்டுள்ளது. எனினும் குவிக் போன்ற புதிய நெறிமுறைகளுக்கும் இச்சிக்கல் பொருந்தும்.

ஓர் இணைப்பு ஓய்வுக்கு முன் கற்றறிந்த வேகத்தை ஓய்வுக்குப் பின்னும் அப்படியே நம்பினால், அதே பாதையைப் பகிரும் பிறருடைய பொதிகளும் அதனுடைய சொந்தப் பொதிகளும் இழக்கப்படக்கூடும். கற்றதை முற்றிலும் மறந்துவிட்டால், பயனர் ஒவ்வொரு முறையும் தேவையின்றிக் காத்திருக்க நேரும். இவ்விரண்டுக்கும் இடையே எங்கு நிற்பது என்பதே 1988 முதல் இன்று வரை முன்மொழியப்பட்ட தீர்வுகள் அனைத்தின் மையக் கேள்வியாகும்.

பின்னணி

இணையத்தில் தரவு, பொதிகள் எனப்படும் சிறு துண்டுகளாகப் பயணிக்கிறது. வழியில் உள்ள திசைவிகள், வந்து சேரும் பொதிகளை உடனே அனுப்ப இயலாதபோது அவற்றை இடையகம் எனப்படும் நினைவகப் பகுதியில் வரிசையாக நிறுத்தி வைக்கின்றன. இடையகம் நிரம்பிவிட்டால் அடுத்து வரும் பொதிகள் கைவிடப்படும். பாதையின் கொள்ளளவு எவ்வளவு, அதனை எத்தனை பேர் பகிர்கின்றனர் என்பதை எந்தத் திசைவியும் அனுப்புநருக்கு முன்கூட்டிச் சொல்வதில்லை. அனுப்புநரே அனுப்பிப் பார்த்து அறிந்துகொள்ள வேண்டும்.

அவ்வாறு அறிந்துகொண்டதை டி.சி.பி. அனுப்புநர் ஓர் எண்ணாக வைத்திருக்கிறது. இது நெரிசல் சாளரம் எனப்படும். ஒப்புகை இன்னும் வராத நிலையில், ஒரே நேரத்தில் எவ்வளவு தரவு வழியில் இருக்கலாம் என்பதை இது குறிக்கும். உண்மையில் இது பைட்டுகளில் கணக்கிடப்படுகிறது எனினும், இக்கட்டுரையில் எளிமை கருதிப் பொதிகளின் எண்ணிக்கையாகவே கூறப்படுகிறது.

புதிய இணைப்பு ஒன்று சிறிய சாளரத்துடன் தொடங்குகிறது. ஒரு பொதி சென்று அதற்கான ஒப்புகை திரும்பி வர ஆகும் நேரம் சுற்றுநேரம் எனப்படும். தொடக்கத்தில் ஒவ்வொரு சுற்றுநேரத்துக்கும் சாளரம் ஏறத்தாழ இரு மடங்காகிறது. இக்கட்டம் மெதுதொடக்கம் என்று அழைக்கப்படுகிறது. மெதுதொடக்க வரம்பு எனப்படும் அளவை எட்டிய பின்னர், பழைய முறைகளில் சாளரம் ஒரு சுற்றுக்கு ஒரு பொதி என்ற அளவில் மட்டுமே வளரும். இக்கட்டத்தின் பெயர் நெரிசல் தவிர்ப்பு. பொதி இழப்பு நேர்ந்தால் சாளரம் குறைக்கப்படும்.

ஆகவே நெரிசல் சாளரம் என்பது பாதையைப் பற்றி அனுப்புநர் செய்துள்ள ஒரு மதிப்பீடே. தொடர்ந்து வரும் ஒப்புகைகளே அதனைப் புதுப்பிக்கின்றன. பொதிகள் செல்லாதபோது ஒப்புகைகளும் வருவதில்லை; மதிப்பீடும் பழையதாகிறது.

ஒப்புகைக் கடிகாரம்

தொடர்ந்து இயங்கும் இணைப்பில், பொதிகள் பாதையிலுள்ள மிகக் குறுகிய இணைப்பைக் கடக்கும்போது ஒன்றுக்கொன்று இடைவெளி பெறுகின்றன. அகன்ற சாலையில் கூட்டமாக வந்த வண்டிகள் ஒற்றைவழிப் பாலத்தைக் கடந்தபின் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்வதை ஒத்தது இது. பெறுநர் அனுப்பும் ஒப்புகைகளும் அதே இடைவெளியுடன் திரும்புகின்றன. ஓர் ஒப்புகை வந்தால் ஒரு பொதியை அனுப்பலாம் என்பதால், அனுப்புநரின் வேகம் தானாகவே குறுகிய இணைப்பின் வேகத்துக்கு இசைந்துவிடுகிறது. இதுவே ஒப்புகைக் கடிகாரம் எனப்படுகிறது.

இதன் அடிப்படையான கருத்தை வான் ஜேக்கப்சன் 1988-ஆம் ஆண்டில் வெளியான தம் ஆய்வுக்கட்டுரையில் பொதிகளின் அழியாமை என்னும் கொள்கையாக விளக்கினார். வழியிலிருந்து ஒரு பொதி வெளியேறிய பின்னரே புதிய பொதி ஒன்று உள்ளே செலுத்தப்பட வேண்டும் என்பது இக்கொள்கை.

ஓய்வினால் எழும் சிக்கல்கள்

அனுப்புநர் ஒரு சுற்றுநேரத்துக்கு மேல் எதையும் அனுப்பாவிட்டால், வழியிலிருந்த பொதிகள் அனைத்தும் சேர்ந்துவிடும். ஒப்புகைகளும் வந்து முடிந்துவிடும். அதன் பின் இரு வேறு சிக்கல்கள் எழுகின்றன.

முதலாவது, ஒப்புகைக் கடிகாரம் நின்றுவிடுகிறது. சாளரம் 100 பொதிகளை அனுமதிக்குமாயின், தரவு கிடைத்த கணத்தில் அந்த 100 பொதிகளையும் அனுப்புநர் தன் வலையமைப்பு அட்டையின் முழு வேகத்தில் ஒரே பாய்ச்சலாக அனுப்பிவிட இயலும். அவற்றை இடைவெளி விட்டு அனுப்பச் செய்யும் ஒப்புகைகள் அப்போது இல்லை.

இரண்டாவது, சாளரத்தின் மதிப்பு காலாவதியாகிவிடக்கூடும். இடைப்பட்ட நேரத்தில் அதே பாதையில் புதிய இணைப்புகள் சேர்ந்திருக்கலாம். பொதிகள் வேறு வழியாகத் திருப்பிவிடப்பட்டிருக்கலாம். கைபேசிப் பயனர் விரைவான கம்பியில்லா வலையமைப்பிலிருந்து மெதுவான ஒன்றுக்கு மாறியிருக்கலாம்.

இவ்விரண்டையும் பிரித்தறிவது இன்றியமையாதது. பாதையில் எந்த மாற்றமும் நிகழாதபோதும், அதாவது சாளரத்தின் மதிப்பு முற்றிலும் சரியாக இருக்கும்போதும், முதல் சிக்கல் மட்டுமே இழப்பை உண்டாக்கப் போதுமானது. கீழுள்ள கணக்கு இதனைக் காட்டும்.

எண் எடுத்துக்காட்டு

ஒரு வழங்கி, நொடிக்கு 1 கிகாபிட்டு வேகமுள்ள இணைப்பின் வழியாகப் பொதிகளை அனுப்புகிறது எனக் கொள்வோம். பாதையில் உள்ள குறுகிய இணைப்பின் வேகம் நொடிக்கு 10 மெகாபிட்டு. வரிசையில் காத்திருப்பு இல்லாதபோது சுற்றுநேரம் 100 மில்லிநொடி. பொதியின் அளவு 1,500 பைட்டு, அதாவது 12,000 பிட்டு. குறுகிய இணைப்பின் முன்னுள்ள திசைவியின் இடையகத்தில் 50 பொதிகளுக்கு இடமுண்டு.

குறுகிய இணைப்பு ஒரு பொதியை அனுப்ப 1.2 மில்லிநொடி எடுத்துக்கொள்ளும். எனவே 100 மில்லிநொடியில் அது ஏறத்தாழ 83 பொதிகளைக் கடத்தும். சாளரம் 100 ஆக இருந்தால் 83 பொதிகள் வழியில் இருக்கும்; எஞ்சிய 17 பொதிகள் இடையகத்தில் காத்திருக்கும். 50 இடங்களில் 17 மட்டுமே நிரம்பியுள்ளதால் ஒரு பொதியும் இழக்கப்படாது. இந்நிலையில் 100 என்பது பாதுகாப்பான சாளரமே ஆகும்.

இப்போது இணைப்பு சில நொடிகள் ஓய்ந்திருந்து, பின்னர் அதே 100 பொதிகளையும் ஒன்றாக அனுப்புகிறது. 1 கிகாபிட்டு வேகத்தில் ஒரு பொதிக்கு 12 மைக்ரோநொடி ஆகும் என்பதால், 100 பொதிகளும் 1.2 மில்லிநொடிக்குள் திசைவியை அடைந்துவிடும். அந்நேரத்தில் திசைவி வெளியே அனுப்பக்கூடியது ஒரே ஒரு பொதி. எஞ்சிய 99-இல் 50 பொதிகளுக்கு இடையகத்தில் இடம் கிடைக்கும். ஏறத்தாழ 49 பொதிகள் கைவிடப்படும்.

பாதை மாறவில்லை, சாளரமும் மாறவில்லை. பொதிகளுக்கு இடையே இருந்த இடைவெளி மட்டுமே மறைந்தது. இடையகம் நிரம்பியுள்ள அந்நேரத்தில் வந்து சேரும் வேறொருவரின் பொதியும், எடுத்துக்காட்டாக ஓர் இணையத் தொலைபேசி உரையாடலின் பொதியும், இதே போல் கைவிடப்படும் அல்லது 60 மில்லிநொடி வரை தாமதமாகும்.

வரலாறு

நெரிசல் குலைவு

ஜான் நேகிள் 1984-ஆம் ஆண்டு சனவரியில் வெளியான ஆர்.எஃப்.சி. 896 என்னும் ஆவணத்தில் நெரிசல் குலைவு பற்றி எழுதினார். ஆர்.எஃப்.சி. என்பது இணையத்தின் நெறிமுறைகளும் பரிந்துரைகளும் வெளியிடப்படும் ஆவண வரிசையாகும். 1986 அக்டோபரில் அவர் விவரித்த வகையான குலைவு உண்மையாகவே நிகழ்ந்தது. ஐக்கிய அமெரிக்காவின் லாரன்சு பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையேயான தொலைவு ஏறத்தாழ 400 யார் மட்டுமே. அவ்விடைவெளியில் தரவு செல்லும் வேகம் நொடிக்கு 32 கிலோபிட்டிலிருந்து 40 பிட்டாக வீழ்ந்தது. பொதிகள் இழக்கப்பட்டன, இழந்தவற்றை அனுப்புநர்கள் மீண்டும் மீண்டும் அனுப்பினர், அதனால் நெரிசல் மேலும் மிகுந்தது.

ஜேக்கப்சனின் 1988-ஆம் ஆண்டுக் கட்டுரை இந்நிகழ்வை ஆராய்ந்ததன் விளைவாகும். மெதுதொடக்கம், நெரிசல் தவிர்ப்பு ஆகியவை இக்கட்டுரையின் வழியாகவே பரவலாக அறியப்பட்டன. நீண்ட ஓய்வுக்குப் பின் மீண்டும் அனுப்பும்போதும் மெதுதொடக்கத்தையே பயன்படுத்த வேண்டும் என்ற பரிந்துரையும் அவருடையதே. ஒப்புகைக் கடிகாரம் நின்றுவிட்டதால், புதிய இணைப்பில் செய்வது போலவே அதனை மீண்டும் ஓட வைக்க வேண்டும் என்பது இதன் காரணம்.

மெதுதொடக்க மறுதொடக்கம்

இப்பரிந்துரை 1999 ஏப்பிரலில் வெளியான ஆர்.எஃப்.சி. 2581-இலும், அதற்கு மாற்றாக 2009 செப்டெம்பரில் வெளியான ஆர்.எஃப்.சி. 5681-இலும் விதியாக இடம்பெற்றது. அனுப்புநர் மீளனுப்பு காலவரையை விடக் கூடுதலான நேரம் ஓய்ந்திருந்தால், சாளரத்தை மறுதொடக்கச் சாளரம் எனப்படும் சிறிய அளவுக்குக் குறைத்த பின்னரே அனுப்பத் தொடங்க வேண்டும். மீளனுப்பு காலவரை என்பது, ஒப்புகை வராத பொதி இழக்கப்பட்டதாகக் கருதி மீண்டும் அனுப்புவதற்கு முன் காத்திருக்கும் நேரமாகும். 2011-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 6298 இதன் கீழெல்லையாக 1 நொடியைப் பரிந்துரைக்கிறது. லினக்ஸ் இயக்குதளம் 200 மில்லிநொடியைக் கீழெல்லையாகக் கொண்டுள்ளது.

மறுதொடக்கச் சாளரம், புதிய இணைப்பின் தொடக்கச் சாளரத்தை விட மிகலாகாது. தொடக்கச் சாளரம் 1988-இல் 1 பொதியாக இருந்தது. பின்னர் 2 முதல் 4 பொதிகள் வரை உயர்த்தப்பட்டது. 2013 ஏப்பிரலில் வெளியான ஆர்.எஃப்.சி. 6928 இதனை 10 பொதிகளாக உயர்த்தும் சோதனை நிலைப் பரிந்துரையை அளித்தது.

இவ்விதி பாதுகாப்பானது. ஆயினும் இதற்கொரு விலை உண்டு. மேற்கண்ட எடுத்துக்காட்டில் ஓய்வுக்குப் பின் 100 பொதிகளை அனுப்ப வேண்டும் என்றும், ஒவ்வொரு சுற்றிலும் சாளரம் இரு மடங்காகிறது என்றும் கொள்வோம். சாளரம் 1-இலிருந்து தொடங்கினால் 1, 2, 4, 8, 16, 32 என ஆறு சுற்றுகளில் 63 பொதிகள் மட்டுமே செல்லும். ஏழாவது சுற்று தேவைப்படும். 10-இலிருந்து தொடங்கினால் 10, 20, 40 என மூன்று சுற்றுகளில் 70 பொதிகள் சென்று, நான்காவது சுற்றில் பணி முடியும். புவிநிலைச் செயற்கைக்கோள் வழியான இணைப்பில் ஒரு சுற்றுக்கு அரை நொடிக்கும் மேலாகும் என்பதால், நான்கு சுற்றுகள் என்பது பயனர் உணரக்கூடிய காத்திருப்பு ஆகும்.

ஓய்வை எங்கிருந்து அளப்பது?

தொடக்ககால நிரல்களில் ஓய்வு, கடைசியாகப் பொதி ஒன்றைப் பெற்ற நேரத்திலிருந்து அளக்கப்பட்டது. கோப்பு ஒன்றை ஒரே மூச்சில் அனுப்பும் பணிக்கு இது போதுமானதாக இருந்தது. 1997 சனவரியில் வெளியான எச்.டி.டி.பி. 1.1 நெறிமுறை, ஒரே இணைப்பைப் பல வேண்டுகோள்களுக்கும் திறந்து வைத்திருப்பதை இயல்பான வழக்கமாக்கியது. அப்போது இந்த அளவீட்டின் குறை வெளிப்பட்டது.

பயனர் ஒரு பக்கத்தை ஒரு நிமிடம் படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்கான இணைப்பைச் சொடுக்குகிறார். உலாவியின் வேண்டுகோள் வழங்கியை வந்தடைகிறது. அக்கணத்தில் வழங்கி ஒரு பொதியைப் பெற்றுவிட்டதால், கடைசியாகப் பெற்ற நேரம் புதுப்பிக்கப்படுகிறது. ஓய்வே நிகழவில்லை என்று நிரல் முடிவு செய்கிறது. வழங்கி ஒரு நிமிடத்துக்கு முந்தைய பெரிய சாளரத்துடன் முழுப் பக்கத்தையும் ஒரே பாய்ச்சலாக அனுப்பிவிடுகிறது. விதி ஏட்டில் இருந்தும், அது மிகவும் தேவைப்பட்ட இடத்தில் செயல்படவில்லை.

எமி ஹியூசு, ஜோ டச், ஜான் ஹைடமன் ஆகியோர் 1998-இல் வெளியிட்ட வரைவு ஆவணம் ஒன்று இதனை விவாதித்தது. இதன் விளைவாக, ஓய்வைக் கடைசியாகத் தரவு அனுப்பிய நேரத்திலிருந்து அளக்க வேண்டும் என்ற பரிந்துரை ஆர்.எஃப்.சி. 2581-இல் சேர்க்கப்பட்டது.

செயலியால் வரம்புறும் இணைப்புகள்

முழு ஓய்வைப் போன்றே இடர் தரும் மற்றொரு நிலையும் உண்டு. இணைப்பு இயங்கிக்கொண்டே இருக்கிறது. ஆனால் செயலியிடம் அனுப்புவதற்குப் போதிய தரவு இல்லை. தொலைக் கணினியில் தட்டச்சு செய்யும் பயனரின் இணைப்பு இத்தகையது. ஒவ்வொரு சுற்றிலும் ஓரிரு பொதிகளே செல்லும். பழைய நிரல்கள் ஒப்புகை வரும் போதெல்லாம் சாளரத்தை வளர்த்ததால், 2 பொதிகளை மட்டுமே பயன்படுத்தும் இணைப்பின் சாளரம் 100-ஐயும் கடந்து வளர்ந்துகொண்டே செல்லும். பாதை 100 பொதிகளைத் தாங்குமா என்று ஒருமுறையும் சோதிக்கப்பட்டதில்லை. பயனர் திடீரென ஒரு பெரிய கோப்பைத் திரையில் காட்டச் சொன்னால், சோதிக்கப்படாத அச்சாளரம் முழுவதும் ஒன்றாகப் பயன்படுத்தப்படும். ஓய்வில் மதிப்பீடு பழையதாகிறது. இங்கோ மதிப்பீட்டுக்கு அடிப்படையே இல்லை.

நெரிசல் சாளரச் சரிபார்ப்பு

மார்க் ஹேண்ட்லி, ஜிதேந்திர பாத்யே, சாலி பிளாய்டு ஆகியோர் 2000 சூனில் வெளியிட்ட ஆர்.எஃப்.சி. 2861, ஓய்வையும் செயலியால் வரம்புறுதலையும் ஒரே சிக்கலின் இரு வடிவங்களாகக் கண்டது. இதன் விதிகளைப் பின்வருமாறு சுருக்கிக் கூறலாம்.

* சாளரம் முழுமையாகப் பயன்படாத நேரத்தில் அதனை வளர்க்கக்கூடாது.
* இணைப்பு ஓய்ந்திருந்தால், கடந்துபோன ஒவ்வொரு மீளனுப்பு காலவரைக்கும் சாளரத்தைப் பாதியாக்க வேண்டும்.
* சாளரம் தொடர்ந்து குறைவாகவே பயன்பட்டு வந்தால், அதன் மதிப்பைத் தற்போதைய சாளரம், உண்மையில் பயன்பட்ட அளவு ஆகிய இரண்டின் சராசரிக்குக் குறைக்க வேண்டும்.
* குறைக்கும்போது, மெதுதொடக்க வரம்பைக் குறைந்தது பழைய சாளரத்தின் நான்கில் மூன்று பங்காக வைத்திருக்க வேண்டும்.

மீளனுப்பு காலவரை 1 நொடி என்றும் சாளரம் 100 என்றும் கொண்டால், 1 நொடி ஓய்வுக்குப் பின் சாளரம் 50 ஆகும். 2 நொடிக்குப் பின் 25. 3 நொடிக்குப் பின் 12. 4 நொடிக்குப் பின் 6. முந்தைய விதியில் சாளரம் ஒரே படியில் விழுந்தது. இங்கு படிப்படியாக இறங்குகிறது. மதிப்பீட்டின் மீதுள்ள நம்பிக்கை காலத்தோடு தேய்வதை இக்கணக்கு ஒத்துள்ளது எனலாம்.

நான்காம் விதி பழையதை முற்றிலும் மறக்காமல் இருப்பதற்கானது. சாளரம் 6-க்குக் குறைந்திருந்தாலும், மெதுதொடக்க வரம்பு 75-இல் இருப்பதால், பாதை தாங்குமாயின் சாளரம் இரு மடங்குகளாக விரைந்து ஏறி 75-ஐ எட்டும். அதன் பின்னரே நிதானமாக வளரும்.

2015-ஆம் ஆண்டின் திருத்தம்

சரிபார்ப்பு முறையும் விட்டுவிட்டு அனுப்பும் செயலிகளுக்குக் கடுமையானதாகவே கருதப்பட்டது. கட்டுப்பாடு மிகக் கடுமையாக இருந்தால், செயலி எழுதுவோர் அதனைத் தவிர்க்க வழி தேடுவர். சாளரம் சுருங்காமலிருக்கப் பொருளற்ற நிரப்புத் தரவை இடையிடையே அனுப்பலாம்; கட்டுப்பாட்டையே முடக்கிவிடலாம். நெரிசலைக் குறைக்க எழுதப்பட்ட விதி நெரிசலைக் கூட்டுவதில் அவ்வழிகள் முடியும்.

கோரி பேர்ஹர்ஸ்ட், அர்ஜுனா சத்தியசீலன், ரபேலோ செச்சி ஆகியோர் 2015 அக்டோபரில் வெளியிட்ட ஆர்.எஃப்.சி. 7661, முந்தைய ஆவணத்துக்கு மாற்றாக அமைந்தது. இதுவும் சோதனை நிலை ஆவணமே ஆகும். இம்முறையில் அனுப்புநர், அண்மைக் காலத்தில் ஒரு சுற்றுநேரத்தில் உண்மையாகவே ஒப்புகை பெற்ற தரவின் அளவைக் கணக்கிட்டு வைத்திருக்கும். அது சாளரத்தின் பாதியளவாவது இருந்தால் சாளரம் சரிபார்க்கப்பட்டதாகக் கொள்ளப்படும். அதற்குக் குறைந்தால் இணைப்பு சரிபார்க்கப்படாத நிலைக்குச் செல்லும்.

சரிபார்க்கப்படாத நிலையில் சாளரம் குறைக்கப்படுவதில்லை. ஆனால் அதனை வளர்க்கவும் இயலாது. இந்நிலை 5 நிமிடங்களுக்கு மேல் நீடித்தால் சாளரம் பாதியாக்கப்படும். இச்சலுகைக்கு ஈடாக, இழப்பு நேரும்போது தண்டனை கடுமையாக உள்ளது. வழியில் இருந்த தரவின் அளவிலிருந்து மீண்டும் அனுப்ப நேர்ந்த அளவைக் கழித்து, மீதியின் பாதியே புதிய சாளரமாகும். எடுத்துக்காட்டாக, முன்னர் மிகக் குறைவாக அனுப்பிவந்து, சாளரம் 100 ஆக இருந்த ஓர் இணைப்பு ஒரே முறையில் 60 பொதிகளை அனுப்பி அவற்றில் 20-ஐ இழந்தால், சாளரம் 20 ஆகக் குறைக்கப்படும். பழைய மதிப்பீட்டைப் பயன்படுத்த அனுமதி உண்டு. அது தவறென்று தெரிந்தவுடன் அதனைக் கைவிட வேண்டும் என்பதே இம்முறையின் சாரம்.

சீரிடைவெளியில் அனுப்புதல்

முன்னர்க் கூறிய இரு சிக்கல்களுள் முதலாவதை, அதாவது திடீர்ப் பாய்ச்சலை, சாளரத்தைக் குறைக்காமலேயே தீர்க்கும் வழி ஒன்றும் உண்டு. ஒப்புகைகள் இல்லாத நேரத்தில் அனுப்புநர் தன் சொந்தக் கடிகாரத்தைக் கொண்டு பொதிகளைச் சம இடைவெளிகளில் அனுப்பலாம். மேற்கண்ட எடுத்துக்காட்டில், வரிசையில் காத்திருக்கும் நேரமும் சேர்ந்து சுற்றுநேரம் 120 மில்லிநொடி ஆகிறது. 100 பொதிகளை 120 மில்லிநொடிகளில் பரப்பி அனுப்பினால் 1.2 மில்லிநொடிக்கு ஒரு பொதி செல்லும். இது குறுகிய இணைப்பின் வேகத்துக்குச் சமமாதலால் இடையகம் நிரம்பாது.

இதற்கு நுண்ணிய கால அளவீடு தேவை. 2013-இல் லினக்ஸ் 3.12 பதிப்பில் சேர்க்கப்பட்ட பொதி வரிசைப்படுத்தும் முறை ஒன்று இதனை வழங்கிகளில் எளிதாக்கியது. எனினும் சீரிடைவெளி இரண்டாவது சிக்கலைத் தீர்க்காது. பாதையின் கொள்ளளவே ஓய்வின்போது பாதியாகிவிட்டிருந்தால், இடைவெளி விட்டு அனுப்பினாலும் வீதம் மிகையானதே.

பிற நெறிமுறைகளில்

டி.எஃப்.ஆர்.சி. எனப்படும் முறை, சாளரத்துக்குப் பதிலாக அனுப்பும் வீதத்தையே நேரடியாகக் கணக்கிடுகிறது. ஒளிபரப்பு போன்ற சீரான ஓட்டங்களுக்காக இது உருவாக்கப்பட்டது. 2003-ஆம் ஆண்டின் ஆர்.எஃப்.சி. 3448-இல், அனுப்புநரின் வீதம் பெறுநர் அண்மையில் பெற்றதாகத் தெரிவித்த வீதத்தின் இரு மடங்கை மீறலாகாது என்ற விதி இருந்தது. குறைவாக அனுப்பிவந்தவருக்கு இது தடையாக இருந்ததால், 2008-ஆம் ஆண்டின் ஆர்.எஃப்.சி. 5348, தரவு குறைவாக இருந்த காலங்களுக்கு இவ்விதியைத் தளர்த்தியது.

குவிக் நெறிமுறையின் நெரிசல் கட்டுப்பாட்டை விவரிக்கும் 2021 மே மாத ஆர்.எஃப்.சி. 9002, முழுமையாகப் பயன்படாத சாளரத்தை வளர்க்கக் கூடாது என்று கூறுகிறது. அனுப்புநர் சீரிடைவெளியைப் பயன்படுத்த வேண்டும் அல்லது திடீர்ப் பாய்ச்சல்களை வேறு வகையில் கட்டுப்படுத்த வேண்டும் என்பதை இது கட்டாயமாக்குகிறது. ஆர்.எஃப்.சி. 7661-இன் முறையைப் பின்பற்றவும் அனுமதிக்கிறது.

கூகுள் நிறுவனம் 2016-இல் வெளியிட்ட பி.பி.ஆர். முறை, பாதையின் கொள்ளளவை ஒரு வீதமாக மதிப்பிட்டு வைத்துள்ளது. ஓய்வுக்குப் பின் அம்முறை சாளரத்தைக் குறைப்பதில்லை. மதிப்பிட்ட வீதத்தில் சீரிடைவெளியுடன் அனுப்பத் தொடங்குகிறது.

நடைமுறையில்

நிகழ்படச் சேவைகள்

இணையவழி நிகழ்படங்கள் சில நொடி நீளமுள்ள துண்டுகளாகத் தரவிறக்கப்படுகின்றன. பயனரின் கருவியில் போதிய துண்டுகள் சேர்ந்தபின், ஒரு துண்டைப் பெறுவதற்கும் அடுத்ததைக் கேட்பதற்கும் இடையே இணைப்பு ஓய்ந்திருக்கும். இவ்வோய்வு மீளனுப்பு காலவரையைத் தாண்டினால், ஒவ்வொரு துண்டும் சுருங்கிய சாளரத்துடன் தொடங்கும்.

ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, மூன்று நிகழ்படச் சேவைகளில் இதன் விளைவை விவரித்தது. அதே பாதையில் வேறொரு நீண்ட தரவிறக்கம் நடக்கும்போது, சுருங்கிய சாளரத்துடன் தொடங்கும் நிகழ்பட ஓட்டம் தனக்குரிய பங்கைப் பெறுவதற்குள் துண்டு முடிந்துவிடுகிறது. இயக்கி, பாதை மெதுவானது என்று கருதித் தரம் குறைந்த துண்டைக் கேட்கிறது. அத்துண்டு சிறியதாகையால் இன்னும் முன்னதாகவே முடிந்து, மதிப்பீடு மேலும் குறைகிறது. இவ்வாறு படத்தின் தரம் தேவைக்கும் கீழே இறங்கிக்கொண்டே செல்கிறது.

லினக்ஸ் அமைப்பு

லினக்ஸ் கருவில், ஓய்வுக்குப் பின் சாளரத்தைக் குறைப்பதைக் கட்டுப்படுத்தும் டி.சி.பி. அமைப்பு ஒன்று உள்ளது. இயல்பாக இது இயக்கத்தில் இருக்கும். அந்நிலையில் கடைசியாக அனுப்பியதிலிருந்து கடந்த ஒவ்வொரு மீளனுப்பு காலவரைக்கும் சாளரம் பாதியாகும். ஆனால் தொடக்கச் சாளரத்துக்குக் கீழே செல்லாது. பி.பி.ஆர். போல் தன் வீதத்தைத் தானே முழுமையாக நிருவகிக்கும் முறைகளுக்கு இச்சோதனை பொருந்தாது.

வழங்கிகளின் வேகத்தைக் கூட்டுவதற்கான வழிகாட்டிகள் பலவற்றில் இவ்வமைப்பை அணைத்துவிடுமாறு கூறப்படுவதுண்டு. 2015 மே மாதம் வெளியான எச்.டி.டி.பி. 2, ஒரு தளத்துக்கான வேண்டுகோள்களை ஒரே இணைப்பில் அனுப்பும் வழக்கத்தைப் பரவலாக்கியது. அவ்வொற்றை இணைப்பின் சாளரம் சுருங்கினால் பக்கம் முழுவதுமே தாமதமாகும் என்பதே இவ்வறிவுரைக்கான காரணம். ஆயினும் அணைத்தபின் பழைய சாளரம் 5 நிமிடங்களுக்கு மட்டுமன்று, இணைப்பு திறந்திருக்கும் வரை காலவரையின்றி நீடிக்கும். சீரிடைவெளியும் இல்லையெனில், எண் எடுத்துக்காட்டில் கண்ட இழப்புக்கு இது வழிவகுக்கும். வழங்கியின் நிருவாகி அளவிடும் சராசரி வேகம் கூடியிருக்கலாம். திசைவியில் கைவிடப்பட்ட பிறருடைய பொதிகள் அவருடைய அளவீட்டில் தெரிவதில்லை.

முறைகளின் ஒப்பீடு

* கட்டுப்பாடு இல்லாமை: ஓய்வுக்குப் பின் உடனடி வேகம் கிடைக்கும். திடீர்ப் பாய்ச்சல், காலாவதியான மதிப்பீடு ஆகிய இரு இடர்களும் உண்டு.
* மெதுதொடக்க மறுதொடக்கம்: இரு இடர்களையும் தவிர்க்கும். சுற்றுநேரம் மிகுந்த பாதைகளில் தாமதம் மிகும்.
* படிப்படியாகப் பாதியாக்கல் (ஆர்.எஃப்.சி. 2861): குறுகிய ஓய்வுக்குச் சிறு குறைப்பு, நீண்ட ஓய்வுக்குப் பெருங்குறைப்பு. சில நொடிகள் ஓய்ந்தாலே சாளரம் பெரிதும் சுருங்கிவிடும்.
* சரிபார்க்கப்படாத நிலை (ஆர்.எஃப்.சி. 7661): 5 நிமிடங்கள் வரை பழைய சாளரம் நீடிக்கும். இழப்பு நேர்ந்தால் கடுமையான குறைப்பு.
* சீரிடைவெளி: திடீர்ப் பாய்ச்சலைத் தவிர்க்கும். காலாவதியான மதிப்பீட்டைத் திருத்தாது. பிற முறைகளுடன் சேர்த்தும் பயன்படுத்தலாம்.

இம்முறைகள் அனைத்தும் அனுப்புநரின் கணினியிலேயே செயல்படுகின்றன. இவற்றைப் பின்பற்றுமாறு இணையத்தின் எந்த அமைப்பும் ஓர் அனுப்புநரைக் கட்டாயப்படுத்துவதில்லை. 1986-இல் கண்டது போன்ற குலைவு மீண்டும் நிகழாமல் இருப்பது, பெரும்பாலான கணினிகள் இத்தகைய விதிகளைத் தாமாகவே பின்பற்றுவதைச் சார்ந்துள்ளது.

இவற்றையும் பார்க்க

* நெரிசல் கட்டுப்பாடு
* பரப்புகைக் கட்டுப்பாட்டு நெறிமுறை
* மெதுதொடக்கம்
* திசைவி
* குவிக்